உடைந்த கலத்தில் ஓடும் பொன் கோடு



சென்ற வாரத்தில் ஒருநாள் விடியற்காலை, பூசைக்கு மணியடிக்க வந்த உபதேசியார் என்னை அழைத்துப்போய் மாதா கெபியின் பின்புறத்தைக் காட்டினார். அங்கே அர்ச். சூசையப்பர் சுரூபமொன்று பழந்துணியில் சுற்றிச் சார்த்தி வைக்கப்பட்டிருந்தது. மூக்கின் நுனி உடைந்திருந்தது. லீலி மலர் ஏந்திய கையில் இரண்டு விரல்கள் இல்லை. மற்றபடி குறையொன்றுமில்லை. நெடுங்காலம் ஒரு வீட்டில் ஜெபத்துக்கு வைத்திருந்த சுரூபம் என்பது, பாதத்தில் படிந்திருந்த மெழுகுவர்த்திப் புகையைப் பார்த்தாலே விளங்கிற்று.

யார் வைத்தார்களென்று நான் விசாரிக்கவில்லை. ஏன் வைத்தார்களென்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. "பின்னமான சுரூபம் வீட்டிலிருந்தால் குடும்பத்துக்கு ஆகாது" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வெளியே வீச மனம் வரவில்லை. வீட்டில் வைத்திருக்கவும் பயம். ஆகவே இருட்டோடு இருட்டாகக் கொண்டுவந்து மாதாவின் காலடியில் விட்டுப் போய்விட்டார்கள். மந்திரித்த பொருள் இனி உதவாதபடி முழுதும் சிதைந்துபோனால், அதை எரிப்பது அல்லது மண்ணில் புதைப்பது திருச்சபையின் வழக்கம். ஆனால் விரல் உடைந்த சுரூபத்தினால் குடும்பத்துக்குத் தீங்கு வருமென்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை. அது வீண் பயம்.

இந்த எண்ணம் சுரூபத்தோடு நின்றுவிட்டால், நான் இவ்வளவோடு முடித்துவிடலாம். அது நிற்பதில்லை. உடைந்த பொருளை மறைக்கிற கை, உடைந்த மனிதரையும் மறைக்கப் பழகிவிடுகிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு புது வீட்டை மந்திரிக்கப் போயிருந்தேன். கூடத்திலும் அடுக்களையிலும் மாடியிலும் தீர்த்தம் தெளித்தாயிற்று. பின்கட்டில் ஓர் அறை மட்டும் சாத்தியிருந்தது. "அது சாமான் அறை, சாமி" என்றார்கள். திரும்பும்போது அந்த அறைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. வயதான ஓர் அம்மாள் அருள் நிறைந்த மந்திரத்தைப் பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கிக் கொண்டிருந்தாள். ஞாபகம் தவறிப்போன தாய். விருந்தினர் கூடிய நாளில் ஏதாவது பிதற்றிவிடுவாளோ என்று உள்ளே வைத்திருந்தார்கள். அந்தக் கதவைத் திறக்கும்படி நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாலு பேர் முன்னிலையில் அவர்களுக்குச் சங்கடம் வேண்டாமென்று காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அது என் குற்றம். அதை மனதில் வைத்துக்கொண்டே இன்று உங்களுக்குப் பிரசங்கிக்கிறேன்.

இந்த விஷயத்தில் நமக்குப் புத்தி புகட்டக்கூடிய ஒரு வழக்கம் ஜப்பான் தேசத்தில் உண்டு. ஜப்பான் நமக்கு முற்றிலும் அந்நியமான தேசமல்ல. 1542-ம் வருஷம் முத்துக்குளித்துறைக்கு வந்து, நம் தமிழ் மக்களுக்கு ஜெபங்களைத் தமிழிலே கற்பித்த அர்ச். பிரான்சிஸ்கு சவேரியாரே, 1549-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி, தேவமாதாவின் ஆரோபணத் திருநாளன்று, ஜப்பானின் ககோஷிமா துறைமுகத்தில் இறங்கினார். நமக்கு ஞானத் தகப்பனாக இருந்தவர் அவர்களுக்கும் ஞானத் தகப்பனே.

அந்தத் தேசத்தார் பீங்கான் கிண்ணமொன்று உடைந்துபோனால் என்ன செய்வார்கள் தெரியுமா? உருஷி என்னும் மரத்தைக் கீறி எடுக்கும் பாலைப் பசையாகக் கொண்டு துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்துவார்கள். பிறகு அந்த ஒட்டின்மேல் பொன் தூளைத் தூவி மெருகேற்றுவார்கள். விரிசல் ஓடின வழியெல்லாம் பொன் கோடு ஓடும். இதற்குக் கின்ட்சுகி என்று பெயர். பொன்னால் இணைத்தல் என்பது பொருள். நம் ஊரில் கிழிந்த பட்டுக்கு இழை ஓட்டுகிறவர், ஓட்டின இடம் தெரியாமலிருப்பதையே தம் சாமர்த்தியமாகக் கொள்வார். குடத்துக்கு ஒட்டுப் போடுகிறவரும் அப்படியே. அவர்களோ ஒட்டை மறைப்பதில்லை. இந்தக் கிண்ணம் உடைந்தது மெய், ஒருவர் இதை எறியாமல் எடுத்து வைத்ததும் மெய் என்று பொன்னாலே எழுதி வைக்கிறார்கள்.

இவ்வழக்கம் உண்டானதைப்பற்றி அங்கே ஒரு வரலாறு சொல்லிவருகிறார்கள். 15-ம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட அஷிகாகா யோஷிமாசா என்னும் பிரபுவிடம், சீன தேசத்தில் செய்த பச்சைநிறக் கிண்ணமொன்று இருந்தது. அதில் விரிசல் காணவே, இதைப்போல வேறொன்று வேண்டுமென்று சீனத்துக்கு அனுப்பினார். அப்படிப்பட்டதை இனிச் செய்ய முடியாதென்று, விரிசலை இரும்புத் தைப்புகளால் பிணைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தைப்புகள் வெட்டுக்கிளிகள் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றினதால், அதையே பேராகச் சொல்லி அக்கிண்ணத்தை முன்னிலும் அதிகமாகப் போற்றினார்கள். அது இன்றைக்கும் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரும்புத் தைப்பைவிட நேர்த்தியான வழியைத் தேடியே பொன்னிணைப்பு பிறந்ததென்பார்கள்.

பிற்பாடு இந்த ரசனை ஒரு பெரிய ஞானமாகவே வளர்ந்தது. அதை வாபி-சாபி என்பார்கள். வாபி என்ற சொல் ஆதியில் ஏழ்மையின் தனிமையையும் வருத்தத்தையும் குறித்தது. பின்னாளில் எளிமையிலுள்ள அமைந்த அழகைக் குறிக்கலாயிற்று. சாபி என்பது வயதினால், புழக்கத்தினால் ஒரு பொருளில் படியும் அழகு. பாட்டி கைப்பட்டுத் தேய்ந்த ஜெபமாலை மணியை நினைத்துப் பாருங்கள். அந்த அழகு புது ஜெபமாலையில் கிடையாது. 1522-ம் வருஷம் சக்காய் பட்டணத்தில் பிறந்த சென் நோ ரிக்யூ என்பவர், தேநீர் உபசாரத்தை இந்த ஞானத்தின்படி ஒழுங்குபடுத்தினார். மண்சுவரும் கூரையுமான ஒரு சிறு குடிசை. சக்கரத்தில் வனையாமல் கையாலேயே பிடித்த கோணல்மாணலான கிண்ணம். குடிசையின் வாசலோ குனிந்து தவழ்ந்தாலன்றி நுழைய முடியாத சிறு திட்டிவாசல். எவ்வளவு பெரிய வீரனானாலும் வாளை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

அந்த ரிக்யூவின் பிரதான சீடர்களென எண்ணப்படுகிற எழுவரில் ஒருவர் நம் வேதத்தைச் சேர்ந்தவர். தக்கயாமா உக்கோன் என்பது அவர் பேர். ஜுஸ்தோ என்பது ஞானஸ்நானப் பேர். 1564-ம் வருஷம், பன்னிரண்டு வயதளவில் ஞானஸ்நானம் பெற்றார். கோட்டையும் குடிபடையும் உள்ள பிரபுவாக விளங்கினார். 1587-ம் வருஷம் ஹிதேயோஷி என்னும் அதிபதி குருக்களைத் தேசத்தைவிட்டுப் போகக் கட்டளையிட்டு, உக்கோனையும் வேதத்தை விடும்படி நெருக்கினான். அவர் வேதத்தை விடவில்லை. கோட்டையையும் நிலங்களையும் விட்டார். தேநீர்க் குடிசையின் தனிமையிலே ஜெபம் செய்வது அவர் வழக்கமென்று அக்காலத்துச் சேசுசபைக் குருக்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1614-ல் நாடு கடத்தப்பட்டு மணிலா போய்ச் சேர்ந்தார். 1615 பிப்ரவரியிலே காய்ச்சல் கண்டு மரித்தார். உலகத்தாரின் கணக்கில் அவர் வாழ்வு உடைந்துபோன வாழ்வு. திருச்சபையோ 2017-ம் வருஷம் பிப்ரவரி 7-ந் தேதி ஒசாக்கா நகரில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தது. அவர் இழந்ததெல்லாம் எங்கெங்கே உடைந்ததோ, அங்கங்கே பொன் ஓடியிருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழிலால் நம் திருச்சிராப்பள்ளி ஒரு காலத்தில் வெகுவாய்ப் பேர் பெற்றிருந்தது. சுற்றுக் கிராமங்களிலும் எத்தனையோ குடும்பங்கள் சாணைச் சக்கரத்தின்முன் உட்கார்ந்து பிழைத்தன. அந்தத் தொழிலில் கீறல் விழுந்த கல் கழிவு. கல்லுக்கு அது நியாயம். ஆனால் அந்தச் சாணைச் சக்கரத்தை நாம் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்து விட்டோமோ என்று எனக்குச் சந்தேகம். பெண் பார்க்க அனுப்பும் படத்தில் கன்னத்து மறுவைக் கைப்பேசியிலே அழித்துவிட்டு அனுப்புகிறோம். பரீட்சையில் தவறின பையனை, உறவினர் வரும் சமயம் கடைக்கு அனுப்பிவிடுகிறோம். பேச்சு வராத பிள்ளையை ஞாயிறு பூசைக்குக் கொண்டுவருவதில்லை. கேட்டால், "சத்தம் போடுவான், சாமி" என்கிறோம். புருஷனைப் பிரிந்து தாய்வீடு வந்திருக்கும் மகளை, அவள் தங்கையின் கலியாணப் பந்தலில் பின்வரிசையில் உட்காரச் சொல்கிறோம். நம் தில்லை நகரில் வைத்தியர் பலகை இல்லாத தெரு அரிது. சுற்றுவட்டாரத்து ஜனங்களெல்லாம் தங்கள் காயங்களைக் காட்ட நம் தெருக்களுக்கு வருகிறார்கள். அந்தத் தெருக்களில் குடியிருக்கும் நாமோ நம் வீட்டுக் காயங்களை மறைக்கிறோம்.

உடைந்தது உதவாதென்று சொல்கிறவர்கள் பக்கத்திலிருக்கும் உறையூரைப் பார்க்கட்டும். 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது பானை ஓடுகளே மிகுதியாகக் கிடைத்தன. கறுப்பும் சிவப்புமான ஓடுகள். சிலவற்றில் பழந்தமிழ் எழுத்துக் கீறல்கள். முற்காலச் சோழருடைய தலைநகரின் பழமைக்கு அந்த உடைசல்களே சாட்சி சொல்கின்றன. அன்று யாரோ ஒரு பெண் வேண்டாமென்று கொல்லையில் எறிந்த ஓட்டை, இன்று படித்தவர்கள் குனிந்து எடுத்துத் துடைத்து எண் போட்டு வைக்கிறார்கள். மனிதருக்கே இவ்வளவு பொறுமை உண்டானால், நம்மை வனைந்த சர்வேசுரனுக்கு எவ்வளவு இருக்கும்! குயவன் கையில் கெட்டுப்போன களிமண்ணை அவன் எறிந்துவிடாமல் மறுபடி வேறு பாத்திரமாக வனைந்ததை எரேமியாஸ் தீர்க்கதரிசி கண்டாரே. நாம் சுமக்கிற பொக்கிஷம் வெறும் மண்பாண்டங்களில் வைக்கப்பட்டிருக்கிறதென்று அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதினாரே.

எல்லாவற்றிலும் மேலான சாட்சி நம் ஆண்டவரே. மூன்றாம் நாள் உயிர்த்தபோது, கல்லறையை வென்ற அந்த மகிமைச் சரீரத்தில் ஒரு தழும்புமில்லாமல் செய்துகொள்ள அவருக்கு வல்லமை இல்லாமலிருந்ததா? இருந்தது. இருந்தும் ஐந்து காயங்களையும் வைத்துக்கொண்டார். சீடர்களுக்குத் தம்மை அடையாளம் காட்டினது முகத்தின் ஒளியைக்கொண்டல்ல, கைகளையும் விலாவையும் கொண்டே. விசுவசிக்கத் தயங்கின அர்ச். தோமையாரை அந்தக் காயங்களின் அருகே அழைத்தார். அந்தத் தோமையார்தான் பிற்பாடு நம் மயிலாப்பூரில் வேதசாட்சியாக மரித்தாரென்று பரம்பரையாய் நம்புகிறோம். ஆகவே நம் நாட்டு விசுவாசம் பிறந்ததே ஒரு தழும்பைக் கண்ட கண்ணிலிருந்து என்று சொல்லலாம். உயிர்த்த சரீரத்தில் தழும்பு இருப்பது தகுமோ என்ற கேள்வியை அர்ச். தோமாஸ் அக்வினாஸ் எடுத்துக்கொண்டு, தகும் என்றே விடை சொல்கிறார். அவை வெற்றியின் அடையாளம் என்கிறார். வேதசாட்சிகளின் தழும்புகளும் மோட்சத்தில் அவர்களுடைய சரீரத்தில் விளங்கும், அது அவலட்சணமாயிராமல் அவர்களுக்கு மேன்மையாயிருக்கும் என்பது அர்ச். அகுஸ்தீனின் எண்ணம்.

இங்கே இரண்டு காரியங்களைத் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது.

முதலாவது: விரிசலே அழகு என்று நான் சொல்லவில்லை. ஜப்பானியரும் நல்ல கிண்ணத்தை வேண்டுமென்று தரையில் போட்டு உடைப்பதை ஞானமென்று சொல்லவில்லை. உலகத்தில் எதுவும் நிலையாது, எதுவும் நிறைவாகாது, அதையே அமைதியாக ஏற்றுக்கொள் என்பது அவர்களுடைய பௌத்த ஞானம் கற்பித்த பாடம். அதில் உண்மை உண்டு. அதை நாம் மதிக்கிறோம். நமக்கோ அதற்கு மேலும் ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது: இணைக்கிறவர் ஒருவர் இருக்கிறார். பாவம் அழகல்ல. குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவன், "இது என் குறை, இதையும் அழகென்று ஏற்றுக்கொள்" என்று சொல்லத் துணியக் கூடாது. அவன் விரிசலை ஒட்டவில்லை. தினந்தோறும் புதிதாக உடைக்கிறான். அப்படிப்பட்ட வீட்டில் அடிபடுகிறவள் சகித்துக்கொண்டே கிடக்க வேண்டுமென்று யாரும் இந்தப் பிரசங்கத்தைக் காட்டிச் சொல்லவும் வேண்டாம். உடைத்தவன் மனஸ்தாபப்பட்டுப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வரட்டும், பரிகாரம் செய்யட்டும். பொன் அங்கேதான் கிடைக்கும்.

இரண்டாவது: இணைப்பு ஒரு நாள் வேலையல்ல. உருஷிப் பால் வெயிலில் காயாது. ஈரமான காற்றில், மூடின பெட்டியில் மெல்ல மெல்ல இறுகும். ஒரு கிண்ணம் முடிய வாரங்கள் செல்லும், மாதங்களும் செல்லும். பச்சைப் பால் வேலைசெய்கிறவன் தோலில் பட்டால் தடித்துப் புண்ணாகும். அவசரப்பட்டுத் தூக்கினால் ஒட்டு விட்டுப்போகும். ஞாபகம் தவறின தாயைக் கவனிக்கும் மருமகளுக்கு, ஒரே கேள்விக்கு நாளில் இருபது தரம் பதில் சொல்கிறவளுக்கு, இதை விளக்க வேண்டியதில்லை. குடியை விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி தவறினவனை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட தாய்க்கும் இது தெரியும். இணைக்கிறவர் கையும் புண்படும். நம்மை இணைத்த ஆண்டவரின் கைகள் புண்பட்டனவன்றோ?

முடிவாக ஒரு முகத்தை உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். நாகசாக்கி பட்டணத்தின் உரக்காமி பகுதியில், நெடுங்கால வேதகலாபனைக்குத் தப்பி மறைவாக விசுவாசத்தைக் காத்த கிறிஸ்தவர்களின் சந்ததியார், தங்கள் உழைப்பால் ஒரு பெரிய தேவாலயம் கட்டினார்கள். 1945-ம் வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி காலை 11 மணி 2 நிமிஷத்துக்கு அணுகுண்டு விழுந்தது. கோவில் சுமார் 500 மீட்டர் தூரத்தில் இருந்தது. ஆரோபணத் திருநாளுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்திருந்தவர்களும் அதைக் கேட்டுக்கொண்டிருந்த குருக்களும் அங்கேயே மாண்டார்கள். அப்பங்கைச் சேர்ந்த சுமார் 12,000 பேரில் 8,500 பேர் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. சில வாரங்களுக்குப் பிறகு, அவ்வூரிலே பிறந்த ஒரு திராப்பிஸ்து சந்நியாசி அந்த இடிபாட்டில் உட்கார்ந்து ஜெபித்தார். அப்போது கருகின கட்டைகளுக்கும் கற்களுக்கும் நடுவே ஒரு முகம் தம்மைப் பார்ப்பதைக் கண்டார். பீடத்திலிருந்த தேவமாதாவின் மரச் சுரூபத்தின் தலை அது. கண்ணாடிக் கண்கள் இருந்த இடம் கரிந்த குழிகளாகியிருந்தது, கன்னமும் கருகியிருந்தது.

அந்தச் சந்நியாசி அதைத் தம் மடத்துக்குக் கொண்டுபோய்க் காத்து, 30 வருஷம் கழித்து உரக்காமிக்கே திருப்பிக் கொடுத்தார். 1959-ல் மறுபடி எழுப்பின தேவாலயத்தில், தனிச் சிற்றாலயத்தில் அது இருக்கிறது. அவர்கள் அதற்குப் புதுக் கண் வைக்கவில்லை, வர்ணம் பூசவில்லை, மண்ணில் புதைத்துவிடவுமில்லை. அந்தக் கருகின முகத்தின்முன் முழந்தாளிட்டு, அணுகுண்டில் இறந்தவர்களுக்காகவும் உலக சமாதானத்துக்காகவும் வேண்டிக்கொள்கிறார்கள். தங்கள் குடும்பத்துக்கு ஆகாத சுரூபமென்று அவர்கள் எண்ணியிருந்தால், அந்த முகத்தை இன்று யார் அறிவார்?

ஆகையால், பிரியமானவர்களே, இவ்வாரம் மூன்று தீர்மானங்கள் செய்துகொள்வோம்.

முதலாவது, உங்கள் வீட்டில் சாத்தின கதவு ஏதாவது இருந்தால் திறந்துவிடுங்கள். முடங்கிப்போன தகப்பனாரையும், நினைவு தப்பின தாயாரையும், பேச்சு வராத பிள்ளையையும் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பூசை நடுவே பிள்ளை சத்தம் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாமென்று மற்றவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வர முடியாதவர்களின் பேரை எனக்குச் சொல்லுங்கள்; நன்மை கொண்டுவந்து கொடுக்க எந்தத் தெருவுக்கும் வருவேன்.

இரண்டாவது, பிள்ளைகள் முன்னிலையில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கைப் பேசாதிருங்கள். தவறின பிள்ளையைச் சாப்பாட்டு வேளையில் உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உங்களால் உடைந்தது எதுவோ அதை நீங்களே எடுத்துக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்கு வாருங்கள். சனிக்கிழமை மாலை பூசைக்கு முன் நான் தொட்டியில் இருப்பேன்.

நானும் ஒரு தீர்மானம் செய்திருக்கிறேன். அந்தப் புது வீட்டுக்கு மறுபடி போவேன். இந்தத் தடவை பின்கட்டு அறைக்குத் தீர்த்தம் தெளிக்காமல் திரும்ப மாட்டேன்.

கெபியில் விட்டுச் சென்ற சூசையப்பர் சுரூபம் இப்போது சக்கிறிஸ்தியில் என் மேஜைமேல் இருக்கிறது. மூக்கை ஒட்டவில்லை, விரல் வைக்கவுமில்லை. அது யாருடையதோ அவர்கள் எந்நேரமும் வந்து எடுத்துப் போகலாம். ஏன் விட்டீர்களென்று கேட்க மாட்டேன். அவர் குடும்பங்களின் காவலர்; விரல் இரண்டு குறைந்ததினால் அவர் காவல் குறைந்துபோகாது.

உடைந்த உள்ளத்தைப் புறக்கணியாத ஆண்டவர், நம் ஒவ்வொருவருடைய விரிசலிலும் தமது இஷ்டப்பிரசாதத்தைப் பொன்னாக வார்த்து நம்மை இணைப்பாராக. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே. ஆமென்.